பேச்சுவார்த்தை மேசை – 7: ஐந்தாண்டு அமைதியின் விலை

சென்ற வாரம் ஃபிளிண்ட் நகரத்தில் ஜெனரல் மோட்டார்ஸின் (ஜி.எம்.) ஃபிஷர் பாடி ஆலைக்குள் 44 நாள் உட்கார்ந்திருந்த தொழிலாளர்களோடு இருந்தோம். இந்த வாரம் மேசையின் எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்து பார்க்கலாம். தொழிற்சங்க வரலாறு என்றால் பெரும்பாலும் சங்கத்தின் கதைதான் எழுதப்படுகிறது. முதலாளி அதில் வில்லனாக வந்து போவார். அவர் எதற்குப் பயந்தார், எதை விட்டுக்கொடுத்தார், எதை என்ன ஆனாலும் விடமாட்டேன் என்று பிடித்துக்கொண்டார் என்பதெல்லாம் பதிவாவதே இல்லை. ஜெனரல் மோட்டார்ஸ் விஷயத்தில் அதை விட்டால் பாதிக் கதை போய்விடும். அமெரிக்கத் தொழிலாளியின் வாழ்க்கைத்தரத்தை ஒரு தலைமுறைக் காலம் தீர்மானித்த கூலிச் சூத்திரத்தை மேசைமேல் கொண்டுவந்து வைத்தது சங்கம் அல்ல, கம்பெனி.

1937 ஜனவரியில் கம்பெனியின் நிலை என்ன? தலைவர் ஆல்ஃபிரட் ஸ்லோன் நியூயார்க்கில் இருந்தார். ஆலைகளைக் கையால் தொட்டு அறிந்த, டென்மார்க்கிலிருந்து வந்து தொழிலாளியாகத் தொடங்கி மேலே ஏறிய வில்லியம் நட்சென் டெட்ராய்ட்டில் இருந்தார். ஆலைக்குள் உட்கார்ந்திருப்பவர்கள் அடுத்தவர் சொத்தில் அத்துமீறி இருப்பவர்கள், அவர்கள் வெளியே வரட்டும், பிறகு பேசலாம் என்பது ஸ்லோனின் நிலைப்பாடு. சட்டப்படி அவர் சொன்னது தவறில்லை. இரண்டே ஆண்டில், 1939-ல், உள்ளிருப்பு வேலைநிறுத்தத்துக்குச் சட்டப் பாதுகாப்பு கிடையாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. ஆனால் கம்பெனி நீதிமன்றத்துக்குப் போன முதல் தடவையே அவமானப்பட்டது. ஆலையைக் காலிசெய்ய உத்தரவு போட்ட நீதிபதி எட்வர்ட் பிளாக் கையில் ஜெனரல் மோட்டார்ஸ் பங்குகள் 3,365 இருந்ததைச் சங்கம் கண்டுபிடித்து வெளியே சொன்னது. இரண்டு லட்சம் டாலருக்கு மேல் மதிப்புள்ள பங்குகள். அந்த உத்தரவுக்கு அத்தோடு மரியாதை போயிற்று.

மிச்சிகன் மாநில ஆளுநராக அந்தப் புத்தாண்டு நாளில்தான் பொறுப்பேற்றிருந்தார் ஃபிராங்க் மர்ஃபி. தேசியக் காவற்படையை ஃபிளிண்டுக்கு அனுப்பினார், ஆனால் ஆலையைக் காலிசெய்ய அல்ல, இரு தரப்பும் மோதிக்கொள்ளாமல் நடுவில் நிற்க. சுட்டு ரத்தம் சிந்த வைத்த ஆளுநர் என்ற பெயர் தனக்கு வேண்டாம் என்பதில் அவர் உறுதியாக இருந்தார். ஆலையைக் காலிசெய்யப் படை வராது என்று தெரிந்ததும் ஸ்லோனிடம் மிச்சமிருந்தது காலம் மட்டுமே. காலமும் அவர் பக்கம் இல்லை. கார் உடல் தகடுகளை அழுத்தி உருவாக்கும் பெரிய டைகள் ஃபிளிண்டிலும் கிளீவ்லாந்திலும் குவிந்திருந்தன. அந்த இரண்டு இடம் நின்றால் நாடு முழுக்க உள்ள ஷெவ்ரலே, ப்யூக் லைன்கள் அடுத்தடுத்து நின்றுவிடும். எல்லாவற்றையும் ஓரிடத்தில் மலிவாகச் செய்யும் அமைப்பைப் பெருமையோடு கட்டியவர்கள், சில நூறு பேர் உட்கார்ந்தால் முழுக் கம்பெனியும் படுத்துவிடும் என்பதை அப்போதுதான் கண்டார்கள். பிப்ரவரித் தொடக்கத்தில் உற்பத்தி அநேகமாக நின்றே போனது. ஃபோர்டும் கிரைஸ்லரும் கார் விற்றுக்கொண்டிருந்தன.

பிப்ரவரி 11 விடியற்காலை டெட்ராய்ட் நீதிமன்ற அறையொன்றில் உடன்பாடு முடிந்தது. சங்கத்தின் பக்கம் பேசிய ஜான் எல். லூயிஸ் காய்ச்சலில் விழுந்து, ஹோட்டல் அறையில் படுக்கையில் இருந்தபடியே கையெழுத்துப் போட்டார். ஒப்பந்தம் மிகச் சிறியது. மோட்டார் தொழிலாளர் சங்கமான யு.ஏ.டபிள்யூ. தன் உறுப்பினர்களுக்காகப் பேசலாம், போராட்டத்துக்காக யாரையும் பழிவாங்கமாட்டோம், இப்படிச் சில வரிகள். கூலி எவ்வளவு, லைன் எவ்வளவு வேகத்தில் ஓடும் என்பது பற்றி அதில் எதுவும் இல்லை. ஆனால் இரண்டு லட்சத்துக்கும் அதிகமானவர்களை வேலைக்கு வைத்திருந்த ஒரு கம்பெனி, ‘இனி இந்தச் சங்கம் இருக்கிறது’ என்று எழுத்தில் ஒப்புக்கொண்டுவிட்டது.

அதற்கு முந்தைய இரண்டரை ஆண்டில் அதே கம்பெனி, பிங்கர்ட்டன் போன்ற துப்பறியும் நிறுவனங்களுக்கு ஏறக்குறைய 10 லட்சம் டாலர் கொடுத்திருந்தது. சங்கத்தில் யார் சேர்கிறார்கள், யார் கூட்டம் போடுகிறார்கள் என்று ஒற்றறிய. செனட்டர் லா ஃபாலெட் தலைமையிலான விசாரணைக் குழு இதை அம்பலப்படுத்தியது. தன்னிடம் வேலை செய்பவர் என்ன நினைக்கிறார் என்று தெரிந்துகொள்ள ஒற்றனுக்குக் காசு கொடுத்த நிர்வாகம் அது. பின்னால் அது செய்த நல்ல காரியங்களைச் சொல்லும்போது இதையும் சொல்லியாக வேண்டும்.

கையெழுத்துப் போட்டால் அமைதி வரும் என்று எதிர்பார்த்த நிர்வாகத்துக்கு அடுத்த சில மாதங்கள் பெரிய அதிர்ச்சி. ஒப்பந்தத்துக்குப் பிறகு, சங்கத் தலைமைக்கே தெரியாமல், நூற்றுக்கும் மேற்பட்ட திடீர் நிறுத்தங்கள் நடந்தன. ஒருவரை வேலையை விட்டு எடுத்தால் அந்தப் பகுதி உட்காரும், ஃபோர்மேன் திட்டினால் உட்காரும், லைன் வேகத்தைக் கூட்டினாலும் உட்காரும். இங்கேதான் நிர்வாகத்தின் மனம் மாறத் தொடங்கியது என்று நினைக்கிறேன். சங்கமே இல்லாமல் செய்துவிடலாம் என்ற எண்ணம் மெல்ல விலகி, சங்கம் இருக்கட்டும், ஆனால் அது கையெழுத்துப் போட்ட காகிதத்துக்குக் கட்டுப்பட்ட சங்கமாக இருக்கட்டும் என்ற எண்ணம் வந்தது. ஆளும் எண்ணிக்கையும் தெரியாத கூட்டத்தோடு பேசுவதைவிட, தன் ஆட்களைக் கட்டுக்குள் வைக்கத் தெரிந்த ஒரு தலைமையோடு பேசுவது எந்த நிர்வாகத்துக்கும் எளிது.

அதற்கான ஏற்பாடு 1940 ஒப்பந்தத்தில் வந்தது. குறை இருந்தால் வேலையை நிறுத்தாதே, எழுதிக் கொடு. முதலில் ஃபோர்மேன், பிறகு சங்கத்தின் கமிட்டி உறுப்பினர், பிறகு ஆலை நிர்வாகம், அதற்கு மேல் கம்பெனி-சங்கக் கூட்டு மேல்முறையீடு, கடைசியில் இருவருக்கும் பொதுவான ஒரு நிரந்தர நடுவர். முதல் நடுவராக ஹாரி மில்லிஸ் என்ற பொருளாதாரப் பேராசிரியர் வந்தார். அவருக்குப் பின் ஜார்ஜ் டெய்லர். அமெரிக்கப் பெருந்தொழிலில் இத்தகைய நடுவர் முறை பரவ இது முன்னோடியாக அமைந்தது. இருபது முப்பது பேருக்கு ஒரு சங்கப் பிரதிநிதி லைனிலேயே நிற்க வேண்டும் என்று சங்கம் கேட்டது. நிர்வாகம் மறுத்துவிட்டது. ஏறக்குறைய 250 பேருக்கு ஒரு கமிட்டி உறுப்பினர், அதற்கு மேல் இல்லை. தினசரி வேலை நடக்கும் இடத்தில் ஃபோர்மேனுக்குச் சமமாக இன்னொரு அதிகாரம் நிற்கக் கூடாது என்பதுதான் கணக்கு.

ஜி.எம். ஒப்பந்தத்தில் எட்டாம் பத்தி என்று ஒன்று உண்டு. டெட்ராய்ட்டில் இரு தரப்புப் பேச்சாளர்களுக்கும் மனப்பாடமான பத்தி. வேலைக்கு எடுப்பது, பதவி உயர்வு, தக்க காரணத்தோடு தண்டிப்பது, நீக்குவது கம்பெனியின் பொறுப்பு. என்ன பொருள் செய்வது, எந்த ஊரில் ஆலை வைப்பது, எந்த முறையில், எந்த அட்டவணைப்படி செய்வது என்பது முழுக்க முழுக்கக் கம்பெனியின் பொறுப்பு என்று அது சொல்கிறது. தண்டனை நியாயமா என்று நடுவரிடம் கேட்கலாம். ஆலையை ஏன் அந்த ஊருக்குக் கொண்டுபோனாய் என்று கேட்க முடியாது. இன்னொரு நுணுக்கமும் உண்டு. ஒரு தொழிலாளி ஒரு மணி நேரத்தில் எத்தனை வேலை முடிக்க வேண்டும் என்ற அளவை நிர்ணயிக்கும் தகராறு நடுவரிடம் போகாது. அந்த விஷயத்தில் சங்கம் உரிய படிகளை முடித்த பிறகு வேலைநிறுத்தம் செய்யலாம். அதாவது வேலை வேகத்தை ஒரு மூன்றாம் மனிதர் தீர்மானிப்பதைவிட வேலைநிறுத்தத்தைச் சந்திப்பதே மேல் என்று கம்பெனி முடிவெடுத்திருந்தது. எதை எதற்கு மேலாக மதித்தார்கள் என்று இதிலிருந்து தெரிந்துகொள்ளலாம்.

இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு பெரிய மோதல் வந்தது. யு.ஏ.டபிள்யூ.வின் ஜி.எம். பிரிவுக்குத் தலைவராக இருந்தவர் வால்டர் ரூதர். டை செய்யும் கைத்தொழில் தெரிந்தவர். பேச்சிலும் புள்ளிவிவரத்திலும் நிர்வாகிகளுக்குச் சளைக்காதவர். 30 சதவீதக் கூலி உயர்வு கேட்டார். இதுவரை எல்லாச் சங்கத்தலைவரும் கேட்பதுதான். ஆனால் கூடவே, கார் விலையை ஏற்றாமல் அந்த உயர்வைக் கொடு என்றார். முடியாது என்றால் கணக்குப் புத்தகத்தைத் திறந்து காட்டு என்றார்.

நிர்வாகத்தை உலுக்கியது இந்த இரண்டாவது கோரிக்கைதான். இன்று கூலிக்காக லாபக் கணக்கைக் காட்டினால், நாளைக்கு விலை நிர்ணயம் மேசைக்கு வரும். அதற்கடுத்து முதலீடு, டிவிடெண்ட், எந்த மாடலை எப்போது விடுவது என்பதெல்லாம் வரும். அது கூலிப் பேரம் அல்ல, கம்பெனி நடத்துவதில் பங்கு கேட்பது என்று கம்பெனி நாளிதழ்களில் முழுப்பக்க விளம்பரம் கொடுத்து வாதாடியது. 1945 நவம்பர் 21 அன்று வேலைநிறுத்தம் தொடங்கியது. அதிபர் ட்ரூமன் உண்மையறியும் குழு ஒன்றை அமைத்தார். கொடுக்கும் சக்தி கம்பெனிக்கு இருக்கிறதா என்பதையும் குழு பார்க்கும் என்று சொன்ன கணத்தில் ஜி.எம். பிரதிநிதிகள் எழுந்து வெளியே போய்விட்டார்கள். குழு மணிக்கு 19.5 சென்ட் உயர்வு பரிந்துரைத்தது. எஃகுத் துறையும் மின்சாதனத் துறைச் சங்கமும் 18.5-க்கு முடித்துக்கொண்டன, மின்சாதனச் சங்கம் ஜி.எம்.மின் ஆலைகளுக்கே அந்தத் தொகைக்குக் கையெழுத்துப் போட்டது ரூதருக்கு முதுகில் விழுந்த அடி. 113 நாளுக்குப் பிறகு, 1946 மார்ச் 13 அன்று, 18.5 சென்டில் எல்லாம் முடிந்தது. கடைசிச் சில வாரங்கள் சண்டை நடந்தது அந்த ஒரு சென்டுக்காக.

போர்க்கால மிகைலாப வரி 1946 ஜனவரி முதல் நீங்கியது, நஷ்டம் வந்தால் கட்டிய வரியைத் திரும்பப் பெறவும் சட்டத்தில் வழி இருந்தது, அதனால்தான் கம்பெனி இத்தனை நாள் தாக்குப்பிடித்தது என்று சங்கத்தார் குற்றம் சாட்டினார்கள். அந்தக் கணக்கு நிர்வாகத்தின் மனத்தில் ஓடாமல் இருந்திருக்காது. ஆனால் வரிக்காக மட்டும் 113 நாள் நின்றார்கள் என்று நான் நம்பவில்லை. புத்தகத்தைத் திறக்கமாட்டோம் என்பதற்காக நின்றார்கள். அதில் ஜெயித்தார்கள். ரூதர் அதே மாதம் சங்கத்தின் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஆனால் கணக்கைக் காட்டு என்ற கோரிக்கையோடு அவ்வளவு பெரிய போராட்டத்தை அவர் மறுபடி நடத்தவில்லை.

இனி சார்லஸ் இ. வில்சன். மின்பொறியாளர், 1941-ல் கம்பெனித் தலைவரானவர். அந்த ஆண்டு இடுப்பெலும்பு முறிந்து மருத்துவமனையில் படுத்திருந்த காலத்தில் அவர் ஒரே கேள்வியை யோசித்துக்கொண்டிருந்தார்: ஆண்டுக்கு ஒருமுறை கூலிக்காக மல்லுக்கட்டுவதை நிறுத்த ஏதாவது விதிமுறை உண்டா? போர் இடையில் வந்து யோசனை கிடப்பில் போனது. போருக்குப் பின் அவர் செய்த இன்னொரு காரியமும் கவனிக்க வேண்டியது. 1947-ல் ‘என் வேலை, எனக்கு அது ஏன் பிடிக்கிறது’ என்ற தலைப்பில் தொழிலாளர்களுக்குக் கடிதப் போட்டி வைத்தார்கள். பரிசு கார்கள். ஏறக்குறைய 1,75,000 பேர் எழுதினார்கள். பத்தாண்டுக்கு முன் ஒற்றனிடம் கேட்டதை இப்போது தொழிலாளியிடமே கேட்டார்கள். பிடித்ததை மட்டும்தான் கேட்டார்கள் என்பது உண்மை. ஆனாலும் அது ஒரு மாற்றம்தான்.

1948 மே மாதம். கிரைஸ்லர் வேலைநிறுத்தத்தில் இருக்கிறது. ரூதர் ஏப்ரல் 20 அன்று வீட்டுச் சமையலறையில் துப்பாக்கிச் சூடு பட்டு, கை சிதைந்து மருத்துவமனையில் இருக்கிறார். ஜி.எம். தன் யோசனையை மேசையில் வைத்தது.

அதன் முதல் பகுதி நமக்குப் பழக்கமான பஞ்சப்படி. அரசின் தொழிலாளர் புள்ளிவிவரத் துறை வெளியிடும் நுகர்வோர் விலைக் குறியீடு 1.14 புள்ளி ஏறினால் மணிக்கூலி ஒரு சென்ட் ஏறும், இறங்கினால் இறங்கும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்கு. 1.14 எங்கிருந்து வந்தது? அப்போது குறியீடு 170-ஐ நெருங்கியிருந்தது. கம்பெனியின் சராசரி மணிக்கூலி ஏறக்குறைய 150 சென்ட். ஒன்றை மற்றொன்றால் வகுத்துப் பாருங்கள், கிட்டத்தட்ட அதே எண் வரும். இரண்டாம் பகுதி ஆண்டு முன்னேற்றப் படி. விலைவாசி என்ன ஆனாலும் ஆண்டுக்கு 3 சென்ட், அதாவது சுமார் 2 சதவீதம். நாட்டின் உற்பத்தித் திறன் நீண்டகாலச் சராசரியில் அந்த அளவில் வளர்கிறது, அந்த வளர்ச்சியில் தொழிலாளிக்கும் பங்கு உண்டு என்பது வில்சனின் வாதம். முதல் தவணையாகப் பஞ்சப்படி 8-உம் முன்னேற்றப் படி 3-உம் சேர்த்து 11 சென்ட். கிரைஸ்லர் சில நாளில் 13 சென்ட் ஒரேயடியாகக் கொடுத்துத் தன் சண்டையை முடித்துக்கொண்டது.

சங்கத்துக்குள் சந்தேகம் இருந்தது. விலை இறங்கினால் கூலியும் இறங்குமா? இருக்கும் இடத்திலேயே தொழிலாளியைக் கட்டிப்போடும் தந்திரமா? 1949-ல் விலைவாசி கொஞ்சம் இறங்கியது, கூலியும் சில சென்ட் இறங்கியது. யாரும் ஆலையை நிறுத்தவில்லை. விதிமுறை வேலை செய்கிறது என்று நிர்வாகம் நிம்மதியடைந்தது.

இந்தச் சூத்திரத்தில் எனக்கு வியப்பாகத் தெரிவது, அதில் உள்ள இரண்டு எண்களும் கம்பெனியின் கணக்குப் புத்தகத்துக்கு வெளியே இருப்பதுதான். விலைக் குறியீடு அரசுடையது. உற்பத்தித் திறன் நாட்டுடையது, ஜி.எம்.மின் சொந்தத் திறனோ, லாபமோ அல்ல. 1950-ல் கம்பெனியின் நிகர லாபம் 83 கோடி டாலரைத் தாண்டியது. அதுவரை எந்த அமெரிக்கக் கம்பெனியும் பார்க்காத தொகை. அந்த லாபத்துக்கும் தொழிலாளியின் கூலிக்கும் ஒப்பந்தத்தில் எந்த நூலும் இல்லை. ‘புத்தகத்தைத் திற’ என்று 1945-ல் ரூதர் கேட்டதற்கு வில்சன் மூன்றாண்டு கழித்துக் கொடுத்த பதில் இதுதான் என்பேன்: புத்தகத்தைத் திறக்கத் தேவையே இல்லாத ஒரு கூலிமுறை.

1950-ல் ஒப்பந்தம் முடியும் நேரம் வந்தபோது பேச்சு பென்ஷன் பக்கம் திரும்பியிருந்தது. முந்தைய ஆண்டு ஃபோர்டு, அரசு ஓய்வூதியத்தையும் சேர்த்து மாதம் 100 டாலர் வரும்படி ஒப்புக்கொண்டிருந்தது. கிரைஸ்லரும் தொகையை மறுக்கவில்லை. ஆனால் அதற்காகத் தனி நிதி ஒதுக்கமாட்டேன் என்றது. அதற்காக ஏறக்குறைய நூறு நாள் வேலைநிறுத்தம் நடந்து, மே மாதத் தொடக்கத்தில் முடிந்தது. ரூதரின் உத்தி எல்லோருக்கும் தெரியும்: மூன்று பெரிய கம்பெனிகளில் ஒன்றை மட்டும் நிறுத்துவது, மற்ற இரண்டும் சந்தையை அள்ளும்போது அது பணியும், பணிந்த விலையை மற்றவர்களிடமும் கேட்பது. அந்த வரிசையில் அடுத்ததாக நிற்க ஜி.எம். விரும்பவில்லை.

அதற்கு நிற்க நேரமும் இல்லை. புதிய எஞ்சின்கள், தானியங்கி கியர், புதிய ஆலைகள் என்று பல ஆண்டு முன்கூட்டியே பணம் போட வேண்டிய கட்டம். ஒரு புது மாடலுக்கு டை வெட்டத் தொடங்கினால் அது லைனில் ஓட இரண்டு மூன்று ஆண்டு ஆகும். அந்த இடைவெளியில் ஒவ்வொரு ஆண்டும் ஒப்பந்தம் முடிந்து, ஆலை நிற்குமா நிற்காதா என்று காத்திருப்பதை எந்தத் திட்டக்குழுவும் தாங்காது. மே 23 அன்று ஐந்தாண்டு ஒப்பந்தம் அறிவிக்கப்பட்டது. அரசு இல்லை, மத்தியஸ்தர் இல்லை. நம்மூரில் தொழில் தகராறு சட்டத்தின்படி 18(1) ஒப்பந்தம் என்று சொல்லிவந்தோமே, அதுபோல இரு தரப்பும் நேராக உட்கார்ந்து முடித்தது. பஞ்சப்படி தொடரும், முன்னேற்றப் படி ஆண்டுக்கு 4 சென்ட், மாதம் 100 டாலர் பென்ஷன், மருத்துவக் காப்பீட்டுச் செலவில் பாதி கம்பெனியுடையது, புதிதாகச் சேருபவர் சங்கத்தில் சேர வேண்டும். ஃபார்ச்சூன் இதழ் இதற்கு ‘டெட்ராய்ட் உடன்படிக்கை’ என்று பெயர் வைத்தது. கம்பெனி அமைதிக்காக நூறு கோடி டாலர் கொடுத்திருக்கலாம், ஆனால் சல்லிசாகத்தான் வாங்கியிருக்கிறது என்று கணித்தது.

அந்தக் கணிப்பு அன்றைய நிலையில் சரி. ஃபோர்டும் கிரைஸ்லரும் மற்றத் துறைகளும் இதையே பின்பற்றின. ஒரு சாதாரண லைன் தொழிலாளி வீடு வாங்க முடிந்தது, வயதான பின் கையேந்தாமல் இருக்க முடிந்தது. இதைச் சிறுமைப்படுத்தி எழுதும் இடதுசாரி நண்பர்களோடு எனக்கு உடன்பாடில்லை. பசியை நேரில் கண்ட 1930-களின் தொழிலாளிக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று அவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். அதேசமயம் நிர்வாகம் அன்று செய்த ஒரு தேர்வு பின்னால் அதன் கழுத்தையே இறுக்கியது. அரசு மூலம் எல்லோருக்கும் மருத்துவக் காப்பீடு வேண்டும் என்ற ட்ரூமனின் திட்டத்தை அமெரிக்கப் பெருமுதலாளிகள் ஆதரிக்கவில்லை. ரூதர் அதைத்தான் விரும்பினார். அது கிடைக்காததால் கம்பெனியிடம் கேட்டார். கம்பெனி தன் ஆட்களுக்கு மட்டும் கொடுத்தது. ஓய்வுபெற்றவர்களின் எண்ணிக்கை வேலையில் இருப்பவர்களைத் தாண்டியபோது, அந்தப் பொறுப்பு பல ஆயிரம் கோடி டாலராக நின்றது. 2007-ல் ஓய்வுபெற்றோர் மருத்துவச் செலவைச் தனி அறக்கட்டளை ஒன்றுக்குத் தள்ளிவிட ஒப்பந்தம் போட வேண்டியிருந்தது. 2009 ஜூன் 1 அன்று கம்பெனி திவால் மனுப் போட்டது. திவாலுக்குத் தொழிலாளியின் பென்ஷன்தான் காரணம் என்று சொல்வது அநியாயம். மோசமான கார்கள், கடன், சரிந்த சந்தை எல்லாம் இருந்தன. ஆனால் நாட்டின் பொறுப்பைத் தன் தோளில் ஏற்றிக்கொள்ளும் முடிவை 1950-ல் எடுத்தது நிர்வாகமும்தான்.

ஐந்தாண்டு ஒப்பந்தம் ஐந்தாண்டும் அப்படியே நீடிக்கவில்லை. கொரியப் போரால் விலைகள் ஏறின. 1953-ல் ரூதர், ஒப்பந்தம் உயிருள்ள ஆவணம், நிலைமை மாறினால் அதுவும் மாற வேண்டும் என்று வாதாடி, முன்னேற்றப் படியை 5 சென்டாக உயர்த்தவைத்தார். வில்சன் அதற்குள் ஐசன்ஹோவர் அமைச்சரவையில் பாதுகாப்புச் செயலாளராகப் போயிருந்தார். கையெழுத்தான ஒப்பந்தத்தை இடையில் திறக்க அவருக்குப் பின் வந்த நிர்வாகம் சம்மதித்தது, தொழிலுறவில் நம்பிக்கைக்கு என்ன மதிப்பு என்று அவர்கள் கற்றிருந்ததைக் காட்டுகிறது.

1955 ஜூனில் அடுத்த ஒப்பந்தம். வேலை இல்லாத வாரங்களுக்குக் கம்பெனியே உதவித்தொகை தரும் திட்டத்தை முதலில் ஃபோர்டிடம், பிறகு ஜி.எம்.மிடம் ரூதர் பெற்றார். பெரிய வெற்றி என்று செய்தித்தாள்கள் எழுதிய அதே வாரத்தில் ஜி.எம். ஆலைகள் பலவற்றில் தொழிலாளர்கள் சங்கத்தைக் கேட்காமலே வெளியே வந்தார்கள். அவர்கள் கேட்டது கூலி அல்ல. லைன் வேகம், கழிவறைக்குப் போக மாற்றாள், உடை மாற்றும் நேரம், ஃபோர்மேனின் நடத்தை. எட்டாம் பத்தி கம்பெனிக்குக் கொடுத்திருந்த இடத்திலிருந்து வந்த கோரிக்கைகள் இவை. வேலைக்குத் திரும்புங்கள் என்று அவர்களிடம் சொல்ல வேண்டிய பொறுப்பு சங்கத் தலைமையின்மேல் விழுந்தது. சங்கமும் அதைச் செய்தது. 1937-ல் உட்கார்ந்தவர்களின் பிள்ளைகள் ஆலைக்கு வரத் தொடங்கியிருந்த காலம் அது. ஓஹியோ மாநிலத்தில் லார்ட்ஸ்டவுன் என்ற ஊரில், மணிக்கு நூறு கார் வரை ஓடிய லைனில் 1972-ல் அடுத்த தலைமுறைத் தொழிலாளர்கள் என்ன செய்தார்கள் என்பது அடுத்த வாரம்.

(தொடரும்)